சிங்கின் செம்புப் பூட்டு

சீனாவில் சோங் அரசர்கள் ஆண்ட காலம். ஷென்ஹவ் ஊரில் பாங் வீட்டு மருமகள் ரோங்கைத் தெரியாத ஆள் இல்லை. புருஷன் பாங் யோவ் கிண்ணம் சுடுகிற சூளைக்கு நெருப்புப் போடுகிறவன். சூளைக்குத் தலைவர் அவன் சித்தப்பா பாங் தெ. ரோங்குக்கு மெருகு கரைக்கிற வேலை. கல்பொடியையும் விறகுச் சாம்பலையும் இடித்துச் சலித்துக் கஞ்சிப் பதத்தில் கரைப்பாள். அதில் முக்கிச் சுட்ட கிண்ணம் வெளிர்நீலமாக வரும். அவள் மாமியார் கரைத்த காலத்திலும் அதே நீலம்தான்.

அவளுக்கு ஒரே பெண், சிங். நாலு வயதில் அம்மை வாரிக்கொண்டு போயிற்று. பல் விழாத பிள்ளைக்கு அந்த ஊரில் குழியும் கிடையாது, வீட்டில் வைத்துக் கும்பிடப் பெயர்ப்பலகையும் கிடையாது. பாயில் சுருட்டி மேட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பெற்றவளை வாசல் தாண்ட விடவில்லை. உடுப்புகளை ரோங்கே எரித்தாள். ஆயுள் நழுவாமல் இருக்கப் பிள்ளை கழுத்தில் கட்டியிருந்த செம்புப் பூட்டும் அதோடு வெந்தது. மெல்லிய தகடு, கருகி உதிர்ந்துபோனது. சாம்பலை ஆற்றில் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. சூளைச் சாம்பலோடு சேர்த்து இடித்துக் கரைத்துவிட்டாள்.

சூளையைத் திறந்தபோது நீலத்துக்குள் சிவப்பு வழிந்திருந்தது. சூளை ரத்தம் கக்கிவிட்டது, சாமிக்கு ஆகாது என்று பாங் தெ எல்லாவற்றையும் உடைக்கச் சொன்னார். ரோங் மட்டும் ஒரு கிண்ணத்தை எடுத்துத் தினைப் பானைக்குள் புதைத்து வைத்தாள். பெண்ணுக்கென்று இந்த உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம்.

அடுத்த தடவை சுட்டபோது சூளைக்குள் அடுக்கு சரிந்து விழுந்தது. யோவ் பயந்துபோய்க் கிண்ணம் இருக்கிற இடத்தைச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டான். அவர் வந்து தினைக்குள் கைவிட்டு எடுத்தார்.

"அதுல சிங் இருக்கா, மாமா. அவ சட்டையும் பூட்டுந்தான் அந்தச் சாம்பல்ல இருந்துச்சு," என்றாள் ரோங்.

பாங் தெ கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தார். பூட்டை வாங்கிக் கட்டினதே அவர்தான்.

"போன புள்ளைய வீட்டுக்குள்ள புடிச்சு வெச்சா அடுத்தது தங்காதும்மா. நீயே போட்டு ஒடைச்சிரு."

அவள் கையை நீட்டவில்லை. அவர் வாசற்படியில் போட்டு உடைத்து, துண்டுகளைப் பொறுக்கிச் சூளைக்குப் பக்கத்தில் உடைசல் ஓட்டுக் குவியலில் எறிந்தார்.

அறுவடைக்குப் பிறகு நீலக் கிண்ணம் வாங்கத் தலைநகரத்து வியாபாரி வந்தார். குவியலில் சிவப்புத் துண்டைப் பார்த்ததும் நீலத்தை விட்டுவிட்டார். இந்த மாதிரி எத்தனை இருந்தாலும் கொடுங்கள் என்றார். சாமிக்கு ஆகாது என்ற பேச்சு அன்றோடு நின்றது. பாங் தெவுக்குச் சாம்பலில் கலந்த பூட்டு ஞாபகம் வந்தது. செம்பை அராவித் தூளாக்கிக் கொண்டுவந்து ரோங்கிடமே கொடுத்தார். அவள் கரைத்தாள். சூளை மறுபடி சிவந்தது. இந்தத் தடவை ஒன்றையும் யாரும் உடைக்கவில்லை.

வைக்கோலில் சுற்றிய கிண்ணம் ஒன்றோடு அவர் ரோங் வீட்டுப் படியேறினார்.

"இந்தாம்மா. பழசவிட நல்லாவே வந்திருக்கு. வெச்சுக்க. இனிமே ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடியில் விரலால் தடவினாள்.

"இதுல வெறும் செம்புதான் இருக்கு, மாமா," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சிவப்புக்கென்று புதுச் சூளை கட்டினார்கள். தரை இறுக வேண்டுமென்று ஓட்டுக் குவியலை அப்படியே வாரிக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். திமிசுக் கட்டையின் ஒரு பக்கம் யோவ் கை இருந்தது. அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் ரோங் உட்கார்ந்து சாம்பல் இடித்துக்கொண்டிருந்தாள்.