ஆறு பாகக் கயிறு

படகுக் கொட்டகையில் கயிறு கட்டும் அக்காவை எல்லோரும் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிடுவோம். அளவு டேப்பைக் கையால் தொடமாட்டாள் என்பதால் வந்த பெயர். இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு பாகம். அதுதான் அவள் கணக்கு. சின்னப் பாய்ப்படகில் பாயை இழுக்க, தளர்த்த, விறைப்பாக்க என்று ஏழெட்டுக் கயிறுகள் உண்டு. ஒவ்வொன்றும் எத்தனை பாகம் என்பது அவளுக்கு மனப்பாடம். பதினெட்டு வருடத்தில் ஒரு கயிறுகூடக் குறைந்ததில்லை, மிஞ்சியதில்லை. அந்தத் திமிரும் அவளிடம் கொஞ்சம் உண்டு. நான் பக்கத்து மேசையில் பாய் தைக்கிறவன், வாங்கிக் கட்டிக்கொண்டவன், சொல்கிறேன்.

அன்று காலை அவள் தங்கை ஓட்டிப்போன படகு ஏரி நடுவில் கவிழ்ந்தது. பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டவளை மீட்புப் படகு இழுத்துப்போட்டுக் கொண்டுவந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அக்காவோ, படித்துறையில் அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

“காத்து அடிச்சா கயித்த விடணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? மூள இருக்கா உனக்கு?”

“விட்டேன்க்கா. முழுசா விட்டேன். பாயோட அடியில இருக்குற கட்ட வெளிய போகாம பாதியிலயே நின்னுடுச்சு.”

“செத்துப் பொழச்சு வந்தும் பொய்யா? நான் கட்டின கயிறுடி அது!”

நானும் அக்கா பக்கம்தான் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தங்கையின் வாயை அடைக்க, கரைக்கு இழுத்துவந்திருந்த அந்தப் படகின் பாய்க்கயிற்றை உருவி என் மேசையில் போட்டாள். “உன் டேப்பாலேயே அளந்து இவகிட்ட காட்டு” என்றாள். அளந்தேன். ஒன்பதரை மீட்டர் இருக்க வேண்டியது எட்டேகால்தான் இருந்தது. மறுபடி அளந்தேன், அதே எட்டேகால். கயிறு குட்டையானதால் முனை முடிச்சு கப்பியில் போய் முட்டி நின்றிருக்கிறது. பாய் முழுதாக வெளியே போகாமல் காற்றை வாங்கிப் படகைப் புரட்டிவிட்டது.

“டேப்பு தப்பு. நான் ஆறு பாகம் எடுத்தேன்” என்று கைகளை விரித்துக் காட்டினாள். இடது கை நேராக நின்றது. வலது கை முழங்கையில் மடங்கி, தோளுக்குக் கீழே தொங்கியது. மூன்று மாதம் முன்பு ஏணியிலிருந்து விழுந்து தோள் இறுகிப்போயிருந்தது. சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கைய நல்லா நீட்டு.”

“நீட்டித்தானே இருக்கேன்?”

அவளே திரும்பித் தன் கையைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏணியிலேர்ந்து விழுந்ததுக்கப்புறம் எத்தன படகுக்குப் புதுக் கயிறு போட்டே?” என்றேன்.

“ஆறு” என்றவள், ஏரிப் பக்கம் திரும்பினாள். மீதி ஐந்தும் தண்ணீரில் இருந்தன. காற்று ஏறிக்கொண்டிருந்தது.

அப்படி ஓடி அவளை நான் பார்த்ததில்லை. அறிவிப்பு மைக்கைப் பிடுங்கினாள். “எல்லாரும் பாய எறக்குங்க! கயித்த நம்பாதீங்க! தப்பு எம்மேல, நாந்தான் குட்டையா வெட்டிட்டேன்!” குரல் கிழிந்து ஏரி முழுவதும் கேட்டது.

நான்கு பாய்கள் இறங்கின. ஐந்தாவது எங்கள் கண்ணெதிரிலேயே சாய்ந்து கவிழ்ந்தது. மீட்புப் படகில் முதல் ஆளாகக் குதித்தவள் தங்கைதான், உடுத்தியிருந்த ஈரத்தோடு.

கால் மணி நேரம் கழித்து ஓர் இளைஞனை உயிரோடு கொண்டுவந்தார்கள். இருமி இருமித் தண்ணீர் கக்கினான். அக்கா மைக்கை இன்னும் விடவில்லை. தங்கை வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கிவைத்தாள்.

“நான் பொய் சொல்லலக்கா” என்றாள்.


“தெரியும்டி” என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை.