மேற்குச் சுவரின் கொக்கிகள்

அமெரிக்காவில் எனக்கு மேல்படிப்புக்கு இடம் வாங்கிக் கொடுத்தவை மூன்று புகைப்படங்கள். மூன்றிலும் நல்ல வெயில். அதை அப்போது ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. மெட்ராஸில் ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியிருந்தேன். அப்பாவுக்கு ரயிலடிக்குப் பக்கத்தில் மரக்கடை. தேக்கும் கோங்கும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும். மரம் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் மகளுக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். நான் இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒன்று அமெரிக்காவில், பெயரைச் சொன்னாலே என் வகுப்புப் பையன்கள் வாயைப் பிளந்த இடம். இன்னொன்று வடக்கே, புதிதாகத் தொடங்கியது. வெயிலும் மழையும் மிகுந்த ஊர்களில் எப்படிக் கட்டுவது என்பதைத்தான் அங்கே படிப்பின் இரண்டு வருஷமும் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குச் சும்மா ஒப்புக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டு கல்லூரியுமே நான் கட்டிய கட்டடத்தின் படம் கேட்டன. நான் கட்டியது ஒன்றே ஒன்று. குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில், மாமாவுக்கு ஒரு சீசன் வீடு. அருவிக்கு வரும் குடும்பங்களுக்கு ஆனி ஆடியில் வாடகைக்கு விட்டு, மற்ற நாளெல்லாம் பூட்டி வைக்கிற வீடு. மாமா அம்மாவின் தம்பி. அந்த உரிமையில் அடம்பிடித்துத்தான் அந்த வேலையை வாங்கினேன்.

மேற்கே மலை. அதை மறைக்கச் சுவர் எதற்கு என்று கூடத்தின் மேற்குச் சுவரை முட்டளவோடு நிறுத்தி, அதற்கு மேல் தேக்குச் சட்டங்களை மட்டும் வைத்தேன். காற்று வரும் திசையைத் திறந்துவிடு என்று மெட்ராஸில் படித்திருந்தேன். அங்கே காற்று கடலிலிருந்து வெறும் கையோடு வரும். குற்றாலத்துக் காற்று சாரலையும் கூட்டிக்கொண்டு வரும். இது எங்கள் பக்கத்துப் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நானும் பாவாடை கட்டிய நாளிலிருந்து அதில் நனைந்தவள்தான். ஆனால் வரைபலகை முன்னால் உட்கார்ந்ததும் நான் மெட்ராஸ்காரியாகிவிட்டேன்.

குற்றாலத்துக் கொத்தனார்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேற்கே எந்தத் திறப்பு வந்தாலும் அதன் தலைக்கு மேல் இரும்புக் கொக்கிகளைப் பதித்துவிடுவார்கள். சாரல் தொடங்கும் முன் அவற்றில் ஓலைத் தட்டிகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வரைபடத்திலும் இருக்காது. எங்கள் கொத்தனாரும் எட்டுக் கொக்கி பதித்திருந்தார். படம் எடுக்கிற அன்றுதான் அவை என் கண்ணில் பட்டன. வெள்ளைச் சுவரில் வரிசையாகக் கறுப்பு இரும்பு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இது வீடா, மாட்டுத் தொழுவமா என்று கேட்டேன். எட்டையும் அறுத்து எடுக்கச் சொன்னேன். அவர் ரம்பத்தை எடுத்து அறுத்து, வடுவின் மேல் சுண்ணாம்பு பூசினார். தென்காசி ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு மூன்று படம் எடுத்தார். அது தை மாதம்.

வைகாசியில் அமெரிக்கக் கடிதம் வந்தது. இடமும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. மலையை வீட்டுக்குள் அழைத்து வந்த அந்த மேற்குத் திறப்பு மிகத் துணிச்சலானது என்று ஒரு பத்தி முழுக்கப் பாராட்டியிருந்தார்கள். ஆனி முடிவதற்குள் பதில் தர வேண்டும். அப்பா அன்றைக்கே கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கல்யாணம் எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரிடம் இப்போது ஒரு பதில் இருந்தது.

பத்து நாள் கழித்து வடக்கேயிருந்து ஒரு தபால் அட்டை. இடம் உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அங்கிருந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். மூன்று படத்திலும் வெயில் அடிக்கிறது, இந்த வீட்டுக்கு மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும்? வேலையற்ற மனுஷன் என்று சொல்லி அட்டையை அலமாரியில் போட்டேன்.

ஆனி பிறந்து நாலாம் நாள் மாமா ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தபோது மதுரையிலிருந்து வந்திருந்த குடும்பம் வாசலில் பெட்டிகளோடு ஜட்காவுக்குக் காத்திருந்தது. கூடத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர். மெத்தைகள் ஊறிப் போயிருந்தன. தேக்குச் சட்டங்களுக்கு நடுவே சாரல் படுத்த வாக்கில் வந்துகொண்டிருந்தது. மலை தெரியவே இல்லை, வெறும் வெள்ளை.

"ஐந்தருவி போதாதுன்னு ஆறாவது அருவிய என் வீட்டுக்குள்ள கட்டி வச்சிருக்கியேட்டி" என்றார் மாமா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

கொத்தனாரை வரவழைத்திருந்தார்கள். தட்டி கட்ட இடம் இல்லாமல், ஆணி அடித்தும் ஓட்டுக்கு மேல் கயிறு போட்டு இழுத்தும் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய தட்டி அரை மணியில் பிய்த்துக்கொண்டு பக்கத்துத் தோப்பில் போய் விழுந்தது. அந்தக் கொக்கிகள் இருந்தால் நின்றிருக்குமா அண்ணாச்சி என்று கேட்டேன்.

"நிக்காம பின்ன? நீங்கதானம்மா அறுக்கச் சொன்னிய" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அமெரிக்கக் கடிதத்தை மறுபடி படித்தேன். அதில் பாராட்டியிருந்த ஒவ்வொரு வரியும் அந்த ஊறிய மெத்தைகளைப் பற்றியது. அங்கே போனால் இன்னும் அழகான படங்கள் எடுக்கத் தகுந்த வீடுகளைக் கட்டப் பழகுவேன், அதில் கெட்டிக்காரியாகவும் ஆகிவிடுவேன். அதை நினைத்தபோதுதான் பயமாக இருந்தது. அலமாரியில் கிடந்த அட்டையைத் தேடி எடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்டவர் அந்த ஒருவர்தான். எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது அவரிடம்.

அப்பா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வடக்கே இடம் கொடுத்துவிட்டார்களா என்றார். இல்லை என்றேன். கொடுப்பார்களா? தெரியாது. ஊரில் இனி எந்த முகத்தோடு நடப்பது என்று ஒரு பாட்டம் பேசினார். திருநெல்வேலியில் எண்ணெய்க்கடைக்காரர் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு இரண்டு முறை ஆள் வந்து போயிருந்தது. நான் அசையவில்லை. கடைசியில் அமைதியாகச் சொன்னார்: "அமெரிக்காவ நீயே விடுத. வடக்க இருந்து இல்லன்னு வந்துட்டா, திருநெல்வேலிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன். பொறவு அழக் கூடாது."

"அழ மாட்டேன்" என்றேன்.

மறுநாள் ஸ்டூடியோக்காரரைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாரலில் கேமரா போய்விடும் என்று முதலில் மாட்டேன் என்றார். இரண்டு குடையைச் சேர்த்து நான் பிடித்துக்கொள்கிறேன் என்றதும் வேண்டாவெறுப்பாக வந்தார். கூடத்துத் தண்ணீரையும், சுருட்டி வைத்த மெத்தைகளையும், சுவரில் எட்டு வடுக்களையும் ஒரே படத்தில் எடுக்கச் சொன்னேன். சுண்ணாம்பு கரைந்து அறுத்த இரும்பு துருவேறித் தெரிந்தது. இதை எதற்கம்மா படம் எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் படத்தோடு வடக்கே எழுதினேன். மழை மேற்கிலிருந்து வரும், அது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும், கொக்கிகளை அறுக்கச் சொன்னது நான்தான் என்று மூன்று வரி. அமெரிக்காவுக்கும் நன்றி சொல்லி, வரவில்லை என்று எழுதினேன். வடக்கேயிருந்து பதில் வரட்டும், அதற்குப் பிறகு அமெரிக்கக் கடிதத்தைப் போடலாமே என்று தபாலாபீஸ் வாசலில் ஒரு ஆசை வந்தது. அந்த ஆசை வளரும் முன் இரண்டையும் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டேன்.

பிறகு காத்திருந்த நாட்களில் கொத்தனாரோடு போய்க் கொக்கிகளை மறுபடி பதித்தேன். துளையிட உளியையும் சுத்தியலையும் அவரிடமிருந்து நானே கையில் வாங்கி, கை காய்த்துப் போகிற வரை அடித்தேன். எட்டிலும் தட்டி ஏறியதும் கூடம் இருட்டாகியது, மலை மறைந்தது, தரை காய்ந்தது. ஆடி பிறந்தது. ஆனி முடிந்துபோயிருந்ததால், இனி மனம் மாறினாலும் பயனில்லை, அமெரிக்கக் கதவு மூடிவிட்டது. எண்ணெய்க்கடை வீட்டிலிருந்து மூன்றாம் முறை ஆள் வந்தபோது அப்பா காபி கொடுத்து, இன்னும் ஒரு வாரம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரத்தின் கடைசி நாளில் கடிதம் வந்தது. அப்பாதான் கடையிலிருந்து கொண்டுவந்தார், பிரிக்காமல் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றார். எனக்கு இடம் கொடுத்திருந்தார் அந்தப் பேராசிரியர். வெயில் படங்கள் மூன்றையும் திருப்பி அனுப்பியிருந்தார். மழைப் படத்தை மட்டும் தானே வைத்துக்கொள்வதாகவும், வருஷா வருஷம் புது மாணவர்களுக்கு முதல் நாள் அதைக் காட்டப் போவதாகவும், கட்டியவரின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடட்டுமா என்றும் கேட்டிருந்தார்.

சொல்லுங்கள் என்று அன்றே எழுதிப் போட்டேன்.