ரோசலி டீச்சரின் நிறம்

செய்தி கைப்பேசியில் கண்ணீர் அஞ்சலிப் படமாக வந்தது. எரியும் மெழுகுவர்த்தி, மல்லிகைச் சரம், நடுவில் ரோஜா நிறத்தில் ஓர் அம்மாள். யாரோ பாவம் என்று நகர்த்திவிட்டுக் காப்பியைக் குடித்தேன். பிறகுதான் கீழே இருந்த பெயர் கண்ணில் பட்டது. என் கதைகளுக்கெல்லாம் படம் வரைந்த ரோசலி டீச்சர். அவரையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

காரைக்குடியில் அவரிடம் ஓவியம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் நல்ல கறுப்பு. வரைய உட்கார்ந்தால் ஆள் இங்கே இருக்கமாட்டார். தூரிகையைத் தண்ணீரில் விட்டுக் கலக்கிக்கொண்டே, அதில் நிறம் சுருள் சுருளாக இறங்குவதைப் பார்த்திருப்பார். நான் பேசியதற்கு அரைமணி கழித்துப் பதில் வரும்.

‘கண்மாயில் பவுனு’ எங்கள் முதல் புத்தகம். கறுப்பாக, குண்டாக இருக்கும் பவுனுவை எல்லோரும் கேலி செய்வார்கள். கடைசியில் ஊரே கூடி, “பவுனு அழகு” என்று சொல்வதாக எழுதியிருந்தேன். டீச்சர் சிரித்துவிட்டார். “ஊரு எதுக்குடி இங்குட்டு வருது? ஆரும் அழகுன்னு சொல்ல வேணாம். புள்ள குளிக்கட்டும்.” கடைசிப் பக்கத்தில் என் சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாயங்காலத் தண்ணீரில் பவுனு மல்லாந்து மிதக்கிறாள். வயிறு மட்டும் மேலே தெரிகிறது. சுற்றிலும் மேகம். அவள் வானத்தில் கிடக்கிறாளா, கண்மாயில் கிடக்கிறாளா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அச்சாகி வந்தபோது பவுனு சந்தன நிறத்தில் இருந்தாள். அச்சகக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. “புள்ள ரொம்பக் கறுப்பா இருந்துச்சு டீச்சர். நாந்தான் நல்லா வெளுக்க வச்சேன்.” நான் சண்டைக்குத் தயாரானேன். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. “அண்ணே, உங்க பாப்பா என்ன நிறம்?”

“என்னைய மாதிரிதான்” என்று அவர் நெளிந்தார்.

“அப்ப அதை இந்தப் புத்தகத்துல எங்க தேடுறது?”

மறுபடி அச்சடித்துக் கொடுத்தார், பாவம்.

அப்படிப்பட்டவருக்கா இந்த அஞ்சலிப் படம்! அடக்கம் முடிந்ததும் அவர் கணவர் அருளப்பன் சாரிடம் கேட்டே விட்டேன். அவர் தலைகுனிந்தார். “நாந்தான் வெளுக்கச் சொன்னேன் கண்ணாத்தா. பொண்ணு பாக்கப் போனப்பவே எங்கம்மா அவ காதுபடக் கறுப்பின்னுச்சு. காலம் பூரா கேட்டுக்கிட்டேதான் இருந்தா. போறப்பவாவது ஆரும் ஒண்ணும் சொல்லாம போகட்டும்னு பாத்தேன்.” என் கோபம் போன இடம் தெரியவில்லை. பிறகு அவரே, “அவளுக்குப் பிடிச்சிருக்காதுல்ல?” என்றார்.

“பிடிச்சிருக்காது சார்.”

முப்பதாம் நாள் பூசைக்குள் படத்தை மாற்றிவிட முடிவு செய்தோம். ஆனால் அவர் நிறத்தில் ஒரு படம்கூட வீட்டில் கிடைக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் பவுடர், கைப்பேசியில் எடுத்ததெல்லாம், அஞ்சலிக்குக் கொடுத்த படம் உட்பட, கைப்பேசியே மெருகேற்றிய பளபளப்பு. படத்தைத் திருத்தக் கொண்டுபோனபோது ஸ்டுடியோக்காரர், “நிறம் தெரியாம நான் எப்படிங்க போடுறது?” என்று கையை விரித்தார். அருளப்பன் சார் வீட்டுக்குப் போய்ப் பவுனு புத்தகத்தோடு திரும்பி வந்தார். கடைசிப் பக்கத்தை விரித்து, “இந்தாங்க. தன் கைய ஒட்ட வச்சுப் பாத்துப் பாத்துத்தான் இந்தக் கலரைக் கலக்குனா” என்றார்.

கணினித் திரையில் அந்த ரோஜா நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. நெற்றியில், கன்னத்தில், கழுத்தில் கறுப்பு மெல்ல வந்து சேர்ந்தது. அருளப்பன் சார் திரையருகே குனிந்தார். “வந்துட்டா.” அப்போதுதான் நான் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டுடியோ நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். “என்னையும் ஒரு படம் எடுங்க. எதையும் தொடாதீக” என்றேன். பருத்த கழுத்தும் கன்னத்து மங்குமாக இருக்கும் அந்தப் படம் இப்போது என் பீரோவில் இருக்கிறது. என் காரியத்துக்கு இதைத்தான் வைக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது.