சீரியஸ், கெளம்பி வா

தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு எங்கள் பக்கம் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "சீரியஸா இருக்காக, கெளம்பி வா" என்பார்கள். வருகிற வழியில் அழுது மயங்கி விழுந்துவிடக் கூடாதாம், அந்தக் கரிசனம். கரிசனமாம் பெரிய கரிசனம். அது எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை எழுத உட்கார எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அம்மா இறந்தபோது தம்பி சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். போன் போட்டவள் நான்தான். "அம்மாவுக்கு சீரியஸ்லே, உடனே வா" என்றேன். அந்நேரம் அம்மாவைக் குளிப்பாட்டி மாலை போட்டாகிவிட்டது. அவன் விருதுநகரில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு பழக்கடையில் ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு சிவகாசிக்கு வந்தான். தெருமுனையில் பந்தலைப் பார்த்த பிறகும் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை. அம்மாவைத் தூக்கும் வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நீயுமாக்கா?"

படிப்பு முடிந்து அமெரிக்கா போனான். நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தார். கேட்டவரிடமும் சொல்லுவார், கேட்காதவரிடமும் சொல்லுவார். தம்பிக்கும் அவரைப் போலவே அடர்ந்த மீசை. மகனைப் பற்றிப் பேசும்போது தன் மீசையைத் தடவிக்கொண்டேதான் பேசுவார்.

இரண்டாயிரத்து ஒன்று செப்டம்பர். தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது, நாள் தவறாமல் லோடு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பிய அப்பா வாசலில் சரிந்து விழுந்தார். வலது கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் உள்ளே அப்பாவோடு இருந்ததால் தாய்மாமா வெளியே டெலிபோன் பூத்துக்குப் போய்த் தம்பிக்குப் பேசினார். வேறு என்ன சொல்லியிருப்பார்? "அப்பாவுக்கு சீரியஸ் மாப்ளே, கெளம்பி வா." இந்தத் தடவை அது நிஜம். அதைத்தான் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அவன் புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டான். செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு கட்டடங்களிலும் விமானங்கள் மோதின. ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த டிவியில் சாயங்காலம் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அமெரிக்கா முழுக்க விமானங்களை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். தம்பி இருக்கிற ஊர் அந்தக் கட்டடங்களுக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தக் கரைதான். இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் தம்பி. எந்தச் சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் பூத்தில் நம்பரை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை கிடைத்தான். குரலைக் கேட்டதும், "நல்லா இருக்கியாலே?" என்றேன்.

"நான் நல்லா இருக்கேன்க்கா. அப்பா போயிட்டாகன்னு மாமா பேசுனப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்காக வச்சிருக்காதீக. எடுத்துருங்க."

"ஏலே, அப்பா உசுரோட இருக்காக. உன்னையத்தான் தேடுறாக."

"அப்படின்னா அவுகள பேசச் சொல்லு."

"பேச்சு போயிருச்சுப்பா."

சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "சரிக்கா" என்றான். "நான் இங்கன தனியா இருக்கேன்னு பயந்து மறைக்கிற. புரியுது. மொட்டை போட்டுட்டேன். மீசையும் எடுத்தாச்சு."

அடப்பாவி, உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு மொட்டையா என்று கத்தினேன். பூத்துக்காரர் எழுந்துவிட்டார்.

மாமாவைப் பேசச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்காரு மாப்ளே" என்று அவர் சொல்லச் சொல்ல, அப்பா போய்விட்டார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. வேறு யாரைக் கேட்பான்? ஊரில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்று அவனுக்கு நான்தானே கற்றுக்கொடுத்தேன். அடுத்த வாரம் விமானங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. "வாலே, இப்பவாவது வா" என்று கெஞ்சினேன். அங்கே நிலைமை மாறிவிட்டது என்றான். ரயிலில் ஆட்கள் அவன் நிறத்தைப் பார்த்துத் தள்ளி உட்காருகிறார்களாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று கம்பெனியில் பயமுறுத்துகிறார்களாம். "உசுரோட இருக்க மனுசனுக்குன்னா எதையும் பாக்காம வந்துருவேன்க்கா. சாம்பலைப் பாக்க வந்து என்ன செய்யப்போறேன்?"

எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பிரஸ், சந்துக்கு ஒரு ஸ்கேனர். அப்பாவைப் படுக்கையோடு ஒரு போட்டோ எடுத்து பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பியிருந்தால் முடிந்துபோயிருக்கும். என் புத்தியில் அது உறைக்கவே இல்லை. இப்போது வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால்கூட வீடியோவில் காட்டுகிறோம்.

அப்பா இடது கையால் மீசையைத் தடவிக் காட்டுவார். வாசலைப் பார்ப்பார். மகன் வந்துவிட்டானா என்று கேட்கிறார். வந்துக்கிட்டு இருக்கான்ப்பா, விமானம் லேட்டு என்பேன். அமெரிக்காவில் நடந்தது எதையும் அவரிடம் சொல்லவில்லை. மறுநாளும் தடவுவார். மறுநாளும் விமானம் லேட்டு. கடைசி இரண்டு நாள் கை மேலே எழும்பவில்லை. விரல் மட்டும் போர்வை மேல் அசைந்தது. விழுந்த பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், கண் வாசல் பக்கம் இருக்கும்போதே போய்விட்டார்.

பங்காளி ஒருத்தர் கொள்ளி வைத்தார். அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டு, "அப்பா போயிட்டாகலே" என்றேன். முதல் தடவையாக நேராகச் சொன்னேன்.

"இப்பவாவது சொன்னியே" என்றான். எப்போது என்று கேட்கவே இல்லை. எனக்கும் மேலே பேசத் தெம்பில்லை, வைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடித்தோம். அப்பா படம், பிறந்த தேதி, இறந்த தேதி. வழக்கம்போல எல்லாச் சொந்தத்துக்கும் தபாலில் போட்டேன். அவனுக்கும் ஒன்று. அது போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. அன்று அவனாகவே கூப்பிட்டான்.

"அக்கா, தேதி தப்பா அடிச்சிருக்காக. பிரஸ்ல யாரும் பாக்கலையா?"

மிச்சம் கிடந்த அட்டை ஒன்றை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

"வேற தேதி விழுந்திருக்குக்கா."

"இல்லப்பா" என்றேன். "அதான் தேதி."

அவன் மனசுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. அழவில்லை. பிறகு கேட்டான். "அம்புட்டு நாளும் என்னையக் கேட்டாகளா?"

"இல்லலே" என்றேன். "விழுந்ததுலருந்து நெனப்பே இல்ல அவுகளுக்கு. யாரையும் தெரியல."

அதை மட்டும் அவன் உடனே நம்பினான்.