நாகராஜப்பா கூட்டத்தில் எழுந்து சொன்னது

ஜூஜுவாடி லாரி நெரிசலில் கம்பெனி பஸ் நின்றிருந்தபோது செல்போன் அடித்தது. வேப்பனப்பள்ளியிலிருந்து நாகராஜப்பாவின் தம்பி. "அண்ணன் காலையில தவறிட்டார் சார்." நாகராஜப்பாவும் நானும் நான்கு ஆண்டுகளாக வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. எங்கள் ஓசூர் அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

அணு இணைவு உலைக்கான பிளாஸ்மா என்னும் மிகச் சூடான வாயுவைக் கணினியில் நடத்திப் பார்ப்பது எங்கள் வேலை. கொதிக்கும் நடுப்பகுதிக்கு என் நிரல். சுவரை ஒட்டிய விளிம்புக்கு அவருடையது. பெங்களூரு சூப்பர் கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, எவ்வளவு வெப்பம் எல்லை தாண்டியது என்று ஒன்றுக்கொன்று சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். ஆனால் ஓட ஓட, கணக்கில் எங்கிருந்தோ வெப்பம் பெருகியது. பிழை பிடிபடாவிட்டால் என் நிரலை நீக்கிவிட்டு வேறொன்றை வாங்குவோம் என்றது திட்டக்குழு. அது என் மூன்றாண்டு உழைப்பு.

"என் புரோகிராம நீங்க படிங்க, உங்களுத நான் படிக்கிறேன்" என்றார் நாகராஜப்பா. "அவங்கவங்க எழுதினது அவங்கவங்களுக்கு அழகாத்தான் தெரியும்." இரண்டு நாள் இடம் மாறி உட்கார்ந்தோம். அவருடையதில் எனக்கு எதுவும் சிக்கவில்லை. அதுவே எரிச்சல்.

மூன்றாம் நாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், திட்டக்குழுக் கூட்டத்தில் எழுந்தார்.

"காத்திருக்கச் சொல்ற வரிய சார் எடுத்துட்டார். விளிம்பு பதில் சொல்றதுக்குள்ள, அவரோட புரோகிராம் வெளிய போன சூட்டக் கழிக்காமலே அடுத்த கட்டத்துக்குப் போயிடுது."

உண்மைதான். என் நிரலின் வேகத்தைக் காட்ட நானே எடுத்த வரி அது.

"உங்களுது ஆடி அசைஞ்சு வர்ற வரைக்கும் என்னுது கைகட்டி நிக்கணுமா?" என்று கத்தினேன்.

"நிக்கணும் சார். பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே தாலி கட்டிட முடியுமா?"

அறையே சிரித்தது. அதே மூச்சில் குழுத் தலைவர் பக்கம் திரும்பினார். "தப்பு ஒரு வரியில. மத்ததெல்லாம் தங்கமான வேலை. இவரோட புரோகிராம எடுத்தா என்னுதையும் எடுத்துடுங்க." தலைவர் அதட்டியும் அவர் உட்காரவில்லை. என் நிரல் தப்பியது.

நான் நன்றி சொல்லவில்லை. "தனியாச் சொல்லியிருக்கலாமே?" என்றுதான் கேட்டேன்.

"தனியாச் சொன்னா சத்தமில்லாம திருத்தியிருப்பீங்க. எது தப்பு, எப்படிச் சரியாச்சுன்னு தெரியாம அவங்க எப்படி நம்புவாங்க?"

அந்தப் பதிலை முழுதாக ஏற்க இன்றுவரை மனம் வரவில்லை. ஆனால் அவரை அடக்கம் செய்த மறுநாள், இப்போது எழுதிவரும் நிரலில் இருந்த ஒரு பிழையை, யாரும் கேட்கும் முன் கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். இனியும் சொல்வேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். இதை விடுவதாக இல்லை.