குதிகால் படாத ரஞ்சிதா

போச்சம்பள்ளியில் கம்பெனி பஸ் ஆளை ஏற்றுவதற்கு முன் வதந்தியை ஏற்றிக்கொள்ளும். சம்பங்கியின் மகள் ரஞ்சிதாவைப் பற்றி அதில் ஊர் சுற்றியது இது: இரட்டையில் ஒன்று செத்துப் பிறந்ததல்லவா, புதைத்தது உயிரோடு இருந்ததை, வீட்டுக்கு வந்தது செத்தது. அத்தாட்சி? மூன்று வயதாகியும் பிள்ளைக்குக் குதிகால் தரையில் படவில்லை. பேய்க்குத்தானே கால் பாவாது. லைன் வீட்டுப் பெண்கள் ரஞ்சிதாவைக் கண்டால் தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சம்பங்கி கம்பெனியில் ஒயர் கட்டுபவள். சோதிக்காமல் எதையும் பெட்டிக்குள் போடமாட்டாள். மகளையும் சோதித்துவிடத் துணிந்தாள். பேயா இல்லையா என்று மாவு பரப்பித் தடம் பார்ப்பது பழைய வழி. வீட்டில் மாவில்லை. பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவிடம் ஒரு சொம்பு கேழ்வரகு மாவு கைமாத்து வாங்கினாள். வதந்தியைப் பெற்றுப்போட்டவளே கெம்பம்மாதான். களிக்கு என்று நினைத்துக் கோபுரமாகக் கொடுத்தாள்.

ரஞ்சிதா சுவரைப் பிடித்து மாவின்மேல் நடந்தாள். வாசல்வரை வெறும் விரல்தடம். யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்து நடத்தியதுபோல இருந்தது. பெற்ற பிள்ளையை எடுக்கச் சம்பங்கியின் கை ஒரு கணம் தயங்கியது. அந்தத் தயக்கம்தான் அவளை மறுநாளே பிள்ளையோடு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு விரட்டியது.

டாக்டரம்மா ரஞ்சிதாவின் தலை ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பேயெல்லாம் இல்லை என்றுதான் ஆரம்பித்தார். பிறகு சொன்னதற்குப் பேயே தேவலை. வயிற்றில் இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஏழாம் மாசம் ஒன்று அடங்கிவிட்டது.

"இவ ரத்தம் செத்த பிள்ளை பக்கம் சரிஞ்சுடுச்சும்மா. இவ மூளைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் பத்தல. காலுக்குச் சேதி கொண்டு போற வெள்ளைப் பாதை உருவாகிற சமயம் அது. அங்கதான் அடி."

உறை வெந்த ஒயர் என்று சம்பங்கிக்குப் புரிந்தது. கால் இறுகிக் குதிகால் தரையில் படாதது அதனால்தானாம். தினமும் நீட்டிப் பழக்கினால் குதிகால் இறங்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். ஆக, பிறக்கும் முன்பே ரத்தத்தைக் கைமாத்து கொடுத்தவள் ரஞ்சிதா. வாங்கியவள் மண்ணுக்குள் போய்விட்டாள்.

சம்பங்கி இதை லைன் வீடுகளில் சொல்லிப் பார்த்தாள். வதந்தி சாகவில்லை. செத்தது ரத்தம் குடித்ததை டாக்டரே சொன்னாராம் என்று டாக்டர் பேரையும் தின்று கொழுத்தது.

ஒருநாள் கெம்பம்மா வாசலில் நின்று, "சம்பங்கி, அந்த மாவு?" என்றாள்.

சம்பங்கி மகளின் பாதத்தை மடியில் வைத்து மெல்ல மேலே மடக்கிக்கொண்டிருந்தாள். "குதிகால் இறங்கட்டும்க்கா. அவளே உங்க வீட்டுக்கு நடந்து வந்து குடுப்பா."

அவசரமில்லை, அவசரமே இல்லை என்று கெம்பம்மா பின்வாங்கினாள். அவளுடைய சொம்பு இன்னும் சம்பங்கி வீட்டு அலமாரியில்தான் கவிழ்ந்து கிடக்கிறது.