டேனியல் பாட்டுக்கு இப்போது டிரம்ஸ் இல்லை

இன்று காலை கொரட்டூரில் டேனியலின் அடக்க ஆராதனை.

தொண்ணூறுகளில் நாங்கள் நான்கு பேர் ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் ஒரு பாட்டு எழுதி, கிடாரை அலறவிட்டுப் பாடுவான். நான் டிரம்ஸ்.

ஈஸ்டருக்குச் சபையில் வாசிக்கட்டுமா என்று கேட்டோம். "இன்னா தம்பி, இது கோயிலா, டிஸ்கோவா?" என்று சபை மூப்பர் துரத்திவிட்டார். கேசட்டில் பதிந்து நண்பர்களுக்குக் கொடுத்ததோடு சரி. அது எப்படியோ பரவியிருக்கிறது.

இன்று அவன் பெட்டியருகே பாடகர் குழு அதையேதான் பாடியது. ஒப்பாரி போல, இழுத்து இழுத்து.

தாங்க முடியாமல் கீபோர்டு தம்பியிடம், "கொஞ்சம் வேகமா வாசிப்பா" என்றேன்.

"இன்னா அங்கிள், சாவு ஊட்ல போய்! இது அந்தக் காலத்துக் கீர்த்தனை. இப்டித்தான் பாடணும்."

"யார் எழுதினது?"

"யாரோ வெள்ளைக்கார மிஷனரியா இருக்கும்."

எழுதினவன் எங்கள் இருவருக்கும் நடுவில், கோட்டும் டையுமாகப் படுத்திருந்தான்.

கல்லறைத் தோட்டம் வரை என் விரல்கள் தொடையில் பழைய வேகத்தில்தான் தட்டிக்கொண்டு வந்தன.

உங்கள் சபையிலும் இந்தப் பாட்டு இருந்தால் சொல்லுங்கள். அங்கே கை தட்டுகிறீர்களா, கைக்குட்டை எடுக்கிறீர்களா?